எந்தக் கேள்வியை விட்டுக்கொடுப்பீர்கள்? நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தேர்வு

புதிய அப்ளிகேஷனுக்கு டிசைன் போட உட்காரும்போது டேட்டாபேஸ் பேச்சு பெரும்பாலும் பெயர்களில்தான் தொடங்குகிறது. ஒருவர் மாங்கோடிபி என்பார், இன்னொருவர் கசாண்ட்ரா என்பார், மூன்றாமவர் ரெடிஸே போதும் என்பார். மூன்றும் நோஎஸ்க்யூஎல், அதாவது டேபிள்களை மையமாகக் கொண்ட ரிலேஷனல் முறையில் அமையாத டேட்டாபேஸ்கள்; மூன்றும் நல்ல மென்பொருள்கள். ஆனால் ஒரே வேலையைச் செய்யும் மூன்று பிராண்டுகள் என்று நினைத்து வேகத்தை மட்டும் அளந்தால் தேர்வு தப்பாகப் போகும். ஒவ்வொன்றும் சில கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லும். அந்த வேகத்துக்கு விலையாக வேறு சில கேள்விகளைக் கேட்கவே முடியாதபடி ஆக்கிவிடும். எந்தக் கேள்விகள் இல்லாமல் உங்கள் அப்ளிகேஷன் வாழ முடியும் என்று முதலில் தெரிந்துகொண்டால், பெயர் தானாக வந்து நிற்கும்.

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970ல் தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்தார். அதன் பெரிய பலம், தரவைச் சேமித்த நாளில் யாரும் யோசிக்காத ஒரு கேள்வியை ஐந்து வருடம் கழித்துக் கேட்டாலும் டேபிள்களை ஜாயின் செய்து, அதாவது ஒன்றோடொன்று இணைத்து, பதில் எடுத்துவிடலாம் என்பது. இந்தச் சுதந்திரம் இலவசமாக வரவில்லை. தரவு ஒரு சர்வரைத் தாண்டிப் பலவற்றில் பரவும்போது ஜாயினும் டிரான்ஸாக்‌ஷனும் (பல மாற்றங்கள் ஒன்றாக நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது என்ற உறுதி) கனக்கத் தொடங்கும். கூகுள் 2006ல் பிக்டேபிள் பற்றியும், அமேசான் 2007ல் டைனமோ பற்றியும் கட்டுரை வெளியிட்டதன் பின்னணி இதுதான். தங்கள் டேட்டாபேஸ்களில் நடக்கும் வேலைகளை அமேசான் ஆராய்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ 70 சதவீதம் ஒரே ஒரு கீயை (வரியை அடையாளம் காட்டும் எண் அல்லது பெயர்) கொடுத்து ஒரே ஒரு வரியை எடுக்கும் வகையாக இருந்தது. எப்போதும் ஒரே மாதிரிக் கேள்விதான் வருகிறது என்றால், எல்லாக் கேள்விக்கும் தயாராக இருக்கும் இயந்திரத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

பேச்சு பொதுவாகப் போகாமலிருக்க ஒரு அப்ளிகேஷனை எடுத்துக்கொள்வோம்: பல தனியார் ஆபரேட்டர்களின் பஸ்களுக்கு ஆன்லைனில் சீட் புக் செய்யும் தளம். ஆபரேட்டர், பஸ், சீட் அமைப்பு பற்றிய விவரங்கள் இதில் இருக்கும். பணம் கட்டி முடிக்கும்வரை ஒரு சீட்டைப் பிடித்துவைக்கும் தற்காலிகத் தகவல் இருக்கும். ஓடும் பஸ்கள் ஜிபிஎஸ் புள்ளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பயணிகள், போன் எண்கள், ரீஃபண்ட் போன கணக்குகள் இவற்றுக்குள் தொடர்புகள் இருக்கும். டிக்கெட்டும் பணமும் ரிலேஷனல் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்கக்கூடாது என்ற விதியை ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத டேட்டாபேஸ் விதி) காப்பாற்றுகிற அளவுக்கு உங்கள் கோட் காப்பாற்றாது. மற்றவற்றுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

டாக்குமெண்ட் வகை

பஸ் விவரம் டாக்குமெண்ட் டேட்டாபேஸுக்கென்றே அமைந்த தரவு. ஒரு பஸ் இரண்டுக்கு இரண்டு சீட்டர். இன்னொன்று மேல் பெர்த், கீழ் பெர்த் கொண்ட ஸ்லீப்பர். மூன்றாவதில் பாதி சீட், பாதி பெர்த். ரிலேஷனலில் வைத்தால் டேபிளின் நெடுவரிசைகளில் பாதி காலியாகக் கிடக்கும், இல்லையென்றால் நாலைந்து டேபிளாகப் பிரியும். மாங்கோடிபியில் ஒவ்வொரு பஸ்ஸும் தன் வடிவத்திலேயே ஒரு டாக்குமெண்டாக உட்காரும். பயணி பக்கத்தைத் திறக்கும்போது ஒரே வாசிப்பில் முழு சீட் மேப்பும் வந்துவிடும். ஒன்றாக வாசிக்கப்படுவது ஒன்றாகவே சேமிக்கப்படுகிறது, இந்த வகையின் வேகத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்பதில்தான் டிசைன் நிற்கும் அல்லது விழும். பயணிகளின் ரிவ்யூக்களை பஸ் டாக்குமெண்டுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டே போனால், 16 எம்பி என்ற உச்சவரம்பு ஒரு நாள் குறுக்கே நிற்கும். அதற்கு வெகு முன்பே, சீட் மேப்பை மட்டும் பார்க்க வந்தவருக்காக டேட்டாபேஸ் ஆயிரக்கணக்கான ரிவ்யூக்களையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். எல்லையில்லாமல் வளரக்கூடிய எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஆபரேட்டரின் போன் எண்ணை ஒவ்வொரு பஸ் டாக்குமெண்டிலும் நகல் எடுத்து வைத்தால், எண் மாறும் நாளில் அத்தனையையும் திருத்த வேண்டும். மாறாக, டிக்கெட்டில் பயணக் கட்டணத்தை நகலெடுத்து வைப்பது சரி. புக் செய்த நாளின் விலை அது, பிறகு மாறவே கூடாது.

ஸ்கீமா (தரவின் வடிவத்தை முன்கூட்டியே வரையறுக்கும் விதி) இல்லை என்பதை இதன் பெரிய வசதியாகச் சொல்வார்கள். ஸ்கீமா எங்கும் போய்விடுவதில்லை, டேட்டாபேஸிலிருந்து உங்கள் கோடுக்குள் குடிபெயர்கிறது. பழைய வெர்ஷன் கட்டணத்தை எண்ணாக எழுதியிருக்கிறது, புதிய வெர்ஷன் அதையே மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்டிரிங்காக எழுதுகிறது என்று வையுங்கள். மாங்கோடிபி எந்த எச்சரிக்கையும் தராமல் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். குறைந்த விலை முதலில் என்று வரிசைப்படுத்தினால் எண்கள் எல்லாம் முன்னாலும் ஸ்டிரிங்குகள் எல்லாம் பின்னாலும் நிற்கும். 1000 ரூபாய்க்குக் கீழ் என்று தேடினால் ஸ்டிரிங்காக இருக்கும் பஸ்கள் பட்டியலிலேயே வராது. 650 ரூபாய் பஸ் ஒன்று தேடலில் காணாமல் போனதை ஆபரேட்டர் போன் செய்து சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். ஸ்கீமா வேலிடேஷன் வசதி மாங்கோடிபியிலேயே இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இங்கே விட்டுக்கொடுக்கும் கேள்விகள் எவை? டாக்குமெண்டுகளுக்குக் குறுக்கே போகிறவை. "சென்ற மாதம் மூன்று முறைக்கு மேல் கேன்சல் செய்த பயணிகள் எந்த ஆபரேட்டர்களிடம் அதிகம் புக் செய்தார்கள்?" என்பது போன்றவை. ஜாயின் போன்ற வசதி 2015லும், பல டாக்குமெண்டுகளைச் சேர்த்த டிரான்ஸாக்‌ஷன் 2018லும் மாங்கோடிபிக்கு வந்துவிட்டன. அவசரத்துக்கு உதவும். ஆனால் தினசரி வேலையே அவற்றை நம்பித்தான் என்றால் உங்கள் தரவு ரிலேஷனல் தரவு, அதை வேறு இடத்தில் வைத்துக் கஷ்டப்படுகிறீர்கள்.

இன்னொரு வழியையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ரிலேஷனல் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில், 2014 டிசம்பரில் வந்த 9.4 வெர்ஷனிலிருந்து ஜேசன்பி என்ற நெடுவரிசை வகை இருக்கிறது. சீட் அமைப்பை அப்படியே ஜேசனாக அதில் போட்டு, உள்ளே இருக்கும் ஃபீல்டுகளுக்கு இண்டெக்ஸும் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) வைக்கலாம், பக்கத்து டேபிளோடு ஜாயினும் செய்யலாம். உள்ளே ஒரு சின்ன ஃபீல்டை மாற்றினாலும் முழு மதிப்பையும் திரும்ப எழுதும் என்பது அதன் குறை. நொடிக்கு நொடி மாறும் பெரிய டாக்குமெண்டுகளுக்கு அது ஒத்துவராது. எப்போதாவது மாறும் பஸ் விவரத்துக்குத் தாராளமாகப் போதும். பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை தன் கட்டுரைகள் அனைத்தையும் மாங்கோடிபியிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய அனுபவத்தை 2018ல் விரிவாக எழுதியிருக்கிறது. அங்கும் தரவு ஜேசன்பியாகத்தான் போனது.

கீ-வேல்யூ வகை

சீட்டைப் பிடித்துவைக்கும் வேலைக்கு, தரவை மெமரியில் வைக்கும் ரெடிஸ் கச்சிதம். பயண எண், தேதி, சீட் எண் மூன்றையும் சேர்த்து ஒரு கீ. அந்தப் பயணிக்கு மட்டும் கொடுத்த ஒரு டோக்கன் அதன் வேல்யூ. "இந்தக் கீ இல்லையென்றால் மட்டும் எழுது, 600 நொடியில் தானாக அழித்துவிடு" என்பது ரெடிஸில் ஒரே கட்டளை. கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திரெட்டில் நடப்பதால் ஒரே நொடியில் இரண்டு பேர் அழுத்தினாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பத்து நிமிடத்தில் பணம் வரவில்லையென்றால் சீட் தானாக விடுபடும், அதற்குக் குறித்த நேரத்தில் தானாக ஓடும் தனி கிரான் ஜாப் வேண்டாம்.

பேமெண்ட் கேட்வே இழுத்தடித்துப் பதினோராவது நிமிடத்தில் பணம் வந்தால்? அதற்குள் கீ போயிருக்கும், சீட் இன்னொருவர் கையில் இருக்கும். ஆகவே கடைசி உறுதி ரிலேஷனல் டேட்டாபேஸில்தான் நடக்க வேண்டும். ரெடிஸ் பிடித்துவைப்பது கூட்டத்தை ஒழுங்குபடுத்த மட்டும். அதன் கோப்பு எழுதும் முறையை நீங்கள் இயக்கியிருந்தாலும், அது வழக்கமான அமைப்பில் நொடிக்கு ஒரு முறைதான் டிஸ்கில் உறுதி செய்கிறது, நகல் சர்வருக்கும் தரவு பின்னால்தான் போகும். சர்வர் விழுந்தால் கடைசி ஒரு நொடி போனாலும் போகலாம். பிடித்துவைத்த சீட் தொலைந்தால் யாரும் அழப்போவதில்லை. வாலட் பேலன்ஸை ஒரே இடமாக இதில் வைப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது.

கீ தெரியாத கேள்வியை இங்கே கேட்க முடியாது. "இந்தப் பயணி இப்போது எந்தெந்த சீட்டைப் பிடித்திருக்கிறார்?" என்று கேட்க வேண்டுமானால் பயணிக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை நீங்களே பராமரிக்க வேண்டும். எல்லாக் கீகளையும் துழாவும் கட்டளை ஒன்று உண்டு. புரொடக்‌ஷனில் அதை ஓட்டினால், அது முடியும்வரை மற்ற எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

அமேசான் 2012ல் சேவையாகத் தந்த டைனமோடிபியும் கீயை மையமாகக் கொண்டதுதான், ஆனால் குணம் வேறு. தரவு மெமரியில் மட்டும் இருப்பதில்லை, பல நகல்களாக டிஸ்கில் நிற்கிறது. சர்வர் பராமரிப்பு உங்கள் தலையில் இல்லை. ஒரு ஐட்டம் 400 கேபிக்கு மேல் போகக்கூடாது, உறுதியான வாசிப்புக்கு (எப்போதும் புதிய பதிலைத் தருவது) சாதாரண வாசிப்பைப்போல இரு மடங்கு செலவு. என்னென்ன கேள்வி வரும் என்று முன்கூட்டியே எழுதி, கீயை அதற்கேற்பச் செதுக்கியவர்களுக்கு இது வருடக்கணக்கில் தொல்லை தராது. எழுதாமல் தொடங்கியவர்கள் முழு டேபிளையும் ஸ்கேன் செய்து, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள்.

வைட்-காலம் வகை

ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு, இந்த வகையைச் சேர்ந்த கசாண்ட்ரா என்று உடனே சொல்லத் தோன்றும். முதலில் கணக்குப் போடுங்கள். 1,000 பஸ்கள், பத்து நொடிக்கு ஒரு புள்ளி என்றால் நொடிக்கு 100 எழுத்து (டேட்டாபேஸில் எழுதும் செயல்), நாளுக்கு 86.4 லட்சம் வரி. தேதிவாரியாகப் பிரித்த போஸ்ட்கிரெஸ் டேபிள் ஒன்று இதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். ஒரு லட்சம் வண்டிகள் என்றால் நொடிக்கு 10,000 எழுத்து, நாளுக்கு 86.4 கோடி வரி. அங்கேதான் கசாண்ட்ராவைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

கசாண்ட்ரா ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காகப் பிறந்து 2008ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. பிக்டேபிளின் தரவு வடிவத்தையும் டைனமோவின் பரவல் முறையையும் சேர்த்துக்கொண்டது. எந்த வரி எந்தப் பகுதியில் சேரும் என்று முடிவு செய்யும் பார்ட்டிஷன் கீதான் இதன் உயிர். தேதியை மட்டும் கீயாக வைத்தால் இன்றைய எழுத்து முழுவதும் ஒரே பார்ட்டிஷனில் விழும். வண்டி எண்ணை மட்டும் வைத்தால் பார்ட்டிஷன் முடிவில்லாமல் வீங்கும். வண்டி எண்ணும் தேதியும் சேர்ந்தால் ஒரு பார்ட்டிஷனுக்கு 8,640 வரி, அதற்குள் நேர வரிசை. அளவாக இருக்கும், எழுத்தும் எல்லா நோடுகளுக்கும் (தரவைப் பகிர்ந்து வைக்கும் சர்வர்கள்) பரவும். "இந்த வண்டி நேற்று எங்கெல்லாம் போனது?" என்பதற்குப் பதில் உடனே வரும். "நேற்று இரவு எட்டு மணிக்கு இந்த ஊருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் எந்த வண்டிகள் இருந்தன?" என்று போலீஸ் வந்து கேட்டால், அதே தரவு கையில் இருந்தும் பதில் சொல்ல முடியாது. அதற்கு இடத்தையும் மணியையும் கீயாகக் கொண்ட இரண்டாவது டேபிள் வேண்டும், ஒவ்வொரு புள்ளியும் இரண்டு முறை எழுதப்பட வேண்டும். கேள்விக்கு ஒரு டேபிள் என்பது இங்கே விதி.

இந்த வகையைப் பற்றி யோசிப்பவர்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் சேவையின் அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். 2015 கடைசியில் 10 கோடி மெசேஜ்களைத் தொட்டபோது மாங்கோடிபியில் தரவும் இண்டெக்ஸும் மெமரிக்குள் அடங்கவில்லை, பதில் வரும் நேரம் தாறுமாறானது. கசாண்ட்ராவுக்கு மாறினார்கள். சேனல் எண்ணை மட்டும் கீயாக வைத்துப் பார்த்தபோது சில பார்ட்டிஷன்கள் 100 எம்பியைத் தாண்டி எச்சரிக்கை வந்தது. பத்து நாளுக்கு ஒரு பக்கெட் என்று கீயோடு காலத்தையும் சேர்த்தார்கள்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் நோடு ஒன்று பத்து நொடி பத்து நொடியாக உறைந்து நின்றது. தேடிப் பார்த்தால், காரணமான சேனலில் இருந்தது ஒரே ஒரு மெசேஜ். லட்சக்கணக்கான மெசேஜ்களை அதன் உரிமையாளர்கள் அழித்திருந்தார்கள். கசாண்ட்ராவில் அழிப்பது என்பதும் ஓர் எழுத்துதான். அழிந்தது என்று டூம்ஸ்டோன் எனும் குறி எழுதப்படும், வழக்கமான அமைப்பில் அந்தக் குறி பத்து நாள் இருக்கும். எங்கோ தூங்கிக்கொண்டிருந்த நோடு ஒன்று திரும்பி வந்து அழித்ததை உயிர்ப்பித்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஒரு மெசேஜை எடுக்க அத்தனை குறிகளையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. குறியின் ஆயுளை இரண்டு நாளாகக் குறைத்தார்கள், காலியான பக்கெட்டுகளைத் திரும்பத் தொடாமல் இருக்கக் கோட் எழுதினார்கள். 2022ல் 177 கசாண்ட்ரா நோடுகளிலிருந்து சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட சில்லாடிபிக்கு, 72 நோடுகளாக, மெசேஜ்கள் அனைத்தையும் மாற்றினார்கள். தரவு வடிவம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் ஒரே பார்ட்டிஷனில் எல்லோரும் முட்டும் தொல்லையை டேட்டாபேஸ் மாற்றம் மட்டும் தீர்க்காது என்று தெரிந்து, ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் ஒரு முறை மட்டும் டேட்டாபேஸுக்குப் போகும்படி முன்னால் தனி அடுக்கு ஒன்றையும் கட்டினார்கள்.

அழித்தல் அதிகம் உள்ள தரவுக்கு, வேலை வரிசை போன்றவற்றுக்கு, இந்த வகை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நகல்களுக்கிடையே ஒத்திசைவும் இங்கே உங்கள் கையில்தான். மூன்று நகலில் இரண்டில் எழுதி இரண்டில் வாசித்தால், குறைந்தது ஒரு நகலாவது புதியதைச் சொல்லும். ஒன்றில் எழுதி ஒன்றில் வாசித்தால் வேகம் கிடைக்கும், பழைய பதிலும் சில நேரம் கிடைக்கும். நெட்வொர்க் துண்டாகும் நேரத்தில் ஒத்திசைவும் இடைவிடாத சேவையும் ஒருசேரக் கிடைக்காது என்று கணினி விஞ்ஞானி எரிக் புரூவர் 2000ல் சொன்னதை 2002ல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்தார்கள். ஜிபிஎஸ் புள்ளி சில நொடி பழையதாக இருந்தால் குடி முழுகாது. ஆனால் ஒரே வரியை இரண்டு பேர் திருத்தினால் பிந்தைய நேரமுத்திரை உள்ளது ஜெயிக்கும், மற்றது சத்தமில்லாமல் மறையும் என்பதை மறக்கக்கூடாது. சர்வர் கடிகாரம் பிசகினால் ஜெயிப்பது தவறானதாகவும் இருக்கலாம்.

கிராஃப் வகை

ரீஃபண்ட் மோசடிக்கு வருவோம். ஒரே போன் எண், மூன்று பயணிகள், அவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்கு இன்னொரு எண்ணுக்குச் சொந்தம், அந்த எண்ணில் மேலும் ஐந்து பயணிகள். இப்படி எத்தனை கண்ணி என்று முன்கூட்டித் தெரியாமல் பின்தொடர்வதுதான் கிராஃப் டேட்டாபேஸின் வேலை. 2016ல் வெளியான பனாமா ஆவணங்களில் 1.15 கோடி கோப்புகள். எந்தக் கம்பெனிக்குப் பின்னால் யார் என்று தேட, உலகப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு நியோ4ஜேயைப் பயன்படுத்தியது. அந்த மாதிரி வேலைக்கு இதற்கு ஈடில்லை. இரண்டு மூன்று கண்ணியோடு நிற்கும் கேள்விகளுக்குப் போஸ்ட்கிரெஸின் ரிகர்சிவ் க்வெரியே (தன் பதிலையே மீண்டும் கொண்டு தேடும் கேள்வி) போதும். மொத்தக் கூட்டல், சராசரி, பல சர்வர்களில் பிரித்து வைத்தல் எல்லாம் கிராஃபுக்குச் சிரமம், ஏனென்றால் எங்கே வெட்டினாலும் ஒரு தொடர்பு அறுபடும். பெரும்பாலான குழுக்களுக்கு இது முதன்மை டேட்டாபேஸாக இருக்கத் தேவையில்லை. இரவோடிரவாக நகலெடுத்து ஆராயும் இடமாக இருந்தால் போதும். எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் இயந்திரங்களுக்கும் இதையே சொல்வேன்.

இந்த பஸ் தளத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது: டிக்கெட், பணம், பஸ் விவரம், தொடக்கத்தில் ஜிபிஎஸ் எல்லாமே போஸ்ட்கிரெஸில். சீட் பிடித்துவைக்க ரெடிஸ் அல்லது வால்கீ. 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் லைசென்ஸை மாற்றியபோது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பிரிந்து வந்தது வால்கீ. 2025ல் ரெடிஸ் மறுபடி ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. மாங்கோடிபியும் 2018ல் லைசென்ஸ் மாற்றியது. வாடிக்கையாளருக்கு டேட்டாபேஸையே சேவையாக விற்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. பஸ் விவரங்களின் வடிவம் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் தலைகீழாக மாறி, அவற்றைத் திருத்துவதே முழுநேர வேலையாகிவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் மாங்கோடிபிக்குக் கொண்டுபோகலாம். வண்டிகள் ஒரு லட்சத்தை நெருங்கும்போது ஜிபிஎஸை மட்டும் கசாண்ட்ரா வகைக்கு மாற்றலாம். அப்போதும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் குழுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நிர்வகிக்கப்பட்ட சேவையாகவே வாங்கிவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் குழுவோடு உட்கார்ந்து, அப்ளிகேஷன் டேட்டாபேஸைக் கேட்கப்போகும் முக்கியக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நொடிக்கு எத்தனை முறை வரும், பதில் எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்றும் குறியுங்கள். கணக்குப் பிரிவிலும் வாடிக்கையாளர் சேவையிலும் இருப்பவர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய கேள்விகளையும் வாங்குங்கள். டெவலப்பர்கள் மட்டும் எழுதிய பட்டியலில் ரீஃபண்ட் தகராறு பற்றிய கேள்வி வருவதே இல்லை. பிறகு ஒரு வருடத் தரவைப் போலியாக உருவாக்கி நிரப்பி, சோதனை ஓடும்போதே ஒரு நோடை நிறுத்திப் பாருங்கள், பேக்கப்பிலிருந்து மீட்டும் பாருங்கள். எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் பாஸ்வேர்டு போட்டு, இணையத்துக்கு நேராகத் திறக்காமல் வையுங்கள். 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் வெளியே திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்டார்கள்.